பதினேழாவது இடம்

அர்த்தனாரிக்குக் குளிர்பெட்டி வாடகைத் தொழில்.
நான்கு பெட்டி, ஒரு பழைய ஆம்னி,
குகையில் பாதி ஷட்டர் கடை.
"சேலத்துல யாரு தட்டினாலும்
நாமதான் முதல்ல வரணும் மேடம்" என்றார்
டீயின் ஆடையை விரலால் ஒதுக்கியபடி.
முன்பணம் மூவாயிரம். மீதி, முதல்ல வந்த பிறகு.
இப்போது பதினேழு. இரண்டாம் பக்கம்.
அங்கே எவரும் போவதில்லை.

அஸ்தம்பட்டியில் என் அலுவலகம் என்பது
கட்டிலின் ஒரு பாதி.
ஜன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலை,
மலைமேல் என் இன்னொரு வாடிக்கையாளர், விடுதிக்காரர்.
பத்து மாதமாய்ப் படங்களை மாற்றச் சொல்கிறார்.
பனிக்குக் குறைவில்லை அங்கே,
பணத்துக்குத்தான்.

"நீலம் வேண்டாம் மேடம்,
உதடு ஞாபகம் வரும்" என்றார் அர்த்தனாரி.
எனக்கு அது தோன்றவே இல்லை.
வாங்கிய வார்ப்புருவின் தலையில் 'நல்வரவு' என்றிருந்தது.
அழித்தேன்.
காலடியில் பொடி எழுத்தில் 'மீண்டும் வருக'.
அதை ஆறு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

பிறகு, சொற்கள்.
யார் எதைத் தட்டித் தேடுகிறார்கள் என்று
ஒரு கருவி எனக்குக் காட்டும்,
பெயரில்லாமல், முகமில்லாமல்:
ஐஸ் பெட்டி சேலம்
பிரிசர் பாக்ஸ் அம்மாபேட்டை இப்ப
பீரீசர் பாக்ஸ் ரேட் ஒரு நாளக்கி
பெட்டி 3 நாள் தாங்குமா துபாய்ல இருந்து வரணும்

பிழை திருத்த எனக்குக் கூலியில்லை.
பிழைகளைப் பொறுக்கிச் சேர்க்கத்தான்.
துணையெழுத்து தவறிய விரலுக்கும்
கதவு திறக்க வேண்டும்.
அந்தத் துபாய்க் கேள்விக்கு மட்டும்
தனியாக ஒரு பத்தி எழுதினேன்.
தாங்கும், என்று தொடங்கும் அது.

வரைபடம் விடிகாலை இரண்டு மணிக்கு எழும்பி
நாலரைக்குப் படியும்.
பக்கம் திறக்க நான்கு நொடி ஆனது.
அந்நேரத்தில் நான்கு நொடி எவ்வளவு நீளம் என்று
விளக்கணைத்துப் படுத்து எண்ணிப் பார்த்தேன்.
எழுந்து,
மாலை போட்ட படத்தை எடுத்தேன்,
ஓடும் எழுத்தை எடுத்தேன்,
அர்த்தனாரி ஆசையாய்க் கொடுத்த வெள்ளைச் சட்டைப் போட்டோவையும்.
மிச்சம் ஒரு விலை, ஒரு எண்,
கட்டைவிரல் நடுங்கினாலும் தப்பாத அளவுக்கு
ஒரு பொத்தான்.

பதினொன்று. ஒன்பது. மறுபடி பன்னிரண்டு.
கொண்டலாம்பட்டிக்காரர் விளம்பரத்துக்குக் காசு கட்டுகிறார்.
தினமும் காலையில் அர்த்தனாரி கேட்பார்,
"இன்னிக்கு எத்தனாவதுங்க?"
ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கும் குரலில்.

ஐப்பசி மழையில் முதலிடம்.
நான் சொல்வதற்குள் அவரே அழைத்துவிட்டார்.
"நாலு பெட்டியும் வெளிய இருக்கு மேடம்.
மூணு மணிக்கு ஒரு பொண்ணு போன்ல.
இல்லம்மான்னு சொன்னேன்.
உங்களைத்தானே முதல்ல காட்டுதுன்னு கேக்குது."
கொஞ்ச நேரம் ஆம்னியின் வைப்பர் சத்தம் மட்டும்.
"கொண்டலாம்பட்டியான் நம்பரையும் போட்ருங்க."

போட்டிக்காரனுக்கு இணைப்பு தருவது
எங்கள் தொழிலில் பைத்தியக்காரத்தனம்.
நம் தோளில் ஏறி அவன் மேலே வருவான்.
சொன்னேன்.
"வரட்டும்" என்றார்.

வந்தான். இரண்டாமிடம்.
மீதிப் பணமும் வந்தது, ஐந்நூறு குறைவாக.
தை பிறந்து ஒருநாள்
கொண்டலாம்பட்டிக்காரர் பக்கத்தைத் திறந்தேன்,
வேவு பார்க்கத்தான்.
அடியில், எங்களிடம் பெட்டி இல்லையெனில், என்று
ஒரு வரி, ஒரு எண்,
அர்த்தணாரி,
மூன்று சுழி 'ண' போட்டு.

என் பட்டியலில்
அந்தப் பிழையையும் சேர்த்துக்கொண்டேன்.