மூன்று உடுப்புக்கு மேல் அனுமதியில்லை

ஆறு வருசம் எண்ணினேன்.
மூன்றோடு உள்ளே போனால்
மூன்றோடு வெளியே வரவேணும்.
மஞ்சள் பிளாஸ்ரிக் இலக்கத்தைக் கையில் கொடுத்து
திரைச்சீலையை இழுத்துவிட்டு
அறை வாசலில் நிற்பேன்.
நிற்பதற்குத்தான் சம்பளம்.

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது,
மூன்று மொழியிலும்.
தமிழில் என் பெயருக்கு ஒரு கால் கூட:
சாம்பவி, சாம்பாவி ஆகியிருந்தாள்.
"நிண்டு நிண்டு தேஞ்சதுக்கு
ஒண்டு புதுசாத் தந்திருக்கினம் அக்கா"
என்றான் நிஷாங்கன்.
சிரித்தோம். அவனுக்கு
ஆவணியில் கலியாணம்.

எழுபது வீதம் கழிவு என்று எழுதி ஒட்டிய அன்று
கஸ்தூரியார் வீதி வரைக்கும் சனம்.
ஒருநாளும் படியேறாதவர்கள்
பதினைந்து பதினாறு உடுப்போடு அறைக்குள் போனார்கள்.
"இனி எண்ணத் தேவையில்லை" என்றார் மனேஜர்.
வாய் நின்றது.
உள்ளுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

கண்ணாடிக்கு விலை போட்டார்கள்,
ஹாங்கருக்கு நூறாய்க் கட்டி விலை.
தலையில்லாத பொம்மை நாலாயிரம்,
தலையோடு ஆறாயிரம்.
சுன்னாகத்துத் தையல்கடைக்காரர் தலையில்லாததில் இரண்டு எடுத்து
ஓட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்.
கால்கள் வெளியே நீட்டிக்கொண்டு போயின.

"பாவம் பிள்ளையள், இனி என்ன செய்வியள்?"
என்று கேட்ட அம்மா
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
கையிலிருந்த சட்டையைக் காட்டி
"இதில இன்னும் குறைக்க ஏலாதோ?" என்றா.
பொத்தான் ஒன்று இல்லை என்று சொல்லி
இன்னும் ஐம்பது குறைத்துக் கொடுத்தேன்.
பொத்தான் என் பொக்கற்றுக்குள் இருந்தது.
ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

கடைசி நாள் இரவு
புருசன்மார் காத்திருக்கும் சோபா
விலைபோகாமல் கிடந்தது.
எவரும் இருந்து பார்க்கச் சொல்லவில்லை, இருந்தேன்.
அது அவ்வளவு சுகமாயில்லை.
இதிலிருந்தா இத்தனை பேர்
"நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று
நிமிர்ந்து பாராமல் சொன்னார்கள்?

பின்வாசலில் நிக்சன் அண்ணையின் கதிரை மட்டும்.
அவரைப் போன கிழமையே நிற்பாட்டிவிட்டார்கள்.
ஆறு வருசப் பழக்கம்;
கைப்பையின் சிப்பைத் திறந்து
விரித்துப் பிடித்தேன்
கதிரைக்கு.

சாப்பாட்டுப் பெட்டி, குடை,
ஸ்கூட்டிக்கு லீசிங் கட்டும் புத்தகம்,
மூன்றாம் இலக்க மஞ்சள் அட்டை.
அதை எப்போது உள்ளே போட்டேன்?

கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
"சரி, போ பிள்ளை" என்று சொல்ல
ஆளில்லை.