அடியில் காற்று

வெளியே நாற்பத்தேழு, பூச்சியத்துக்குக் கீழே.
வீட்டுக்குள் இருபத்தொன்பது, மேலே.
யாகுட்ஸ்கின் ஐந்தாம் மாடியில்
நகராட்சிக் குழாய்கள் கொதிக்கின்றன,
திருகிக் குறைக்கக் குமிழ் கிடையாது.
கையில்லாத பனியனோடு தக்காளி நறுக்குகிறேன்.
இரட்டை ஜன்னலின் நடுவே
ஒரு மீன் கல்லாகிக் கிடக்கிறது.

கேம் கன்சோல் நேற்றும் அணைந்தது,
இந்த வாரத்தில் மூன்றாம் முறை.
முதலில் விசிறி ஏறியது,
ஓடுதளத்தில் நகராமலே உறுமும் விமானம் மாதிரி.
பிறகு சிவப்பில் ஒரு வரி.
பிறகு கறுப்பு.
வடக்கே, எரிவாயுக் கிணற்று முகாமில்,
எர்ச்சிமெனின் திரையில்
எங்கள் படகின் பாய்க்கயிற்றைப் பிடித்தபடி
நான் உறைந்து நின்றேனாம்.
"ஒரு காலைத் தூக்கிக்கிட்டு" என்று
பிறகு செய்தி அனுப்பினான்.
முகாமில் நெட் கிடைப்பது
இரவில் நாற்பது நிமிடம்.
பதினொன்றைச் சூடு தின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு அஃபனாசி சிரித்தார்:
"பால்கனியில வை, சார்கிலானா.
நம்ம ஊர்ல குளிருக்கா பஞ்சம்?"
வைத்தேன்.
உள்ளே தூக்கி வந்ததும் அதற்கு வேர்த்தது,
முதுகெல்லாம் முத்து முத்தாக.
மின்சாரம் கொடுக்காமல் விட்டது
யார் செய்த புண்ணியமோ.
ஒரு பகலும் ஓர் இரவும்
துண்டு விரித்துப் படுக்கவைத்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையை வைப்பதுபோல.

சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேராதாம்.
கேஃபிர் அந்தப் பழமொழியைக் கேள்விப்பட்டதில்லை.
அதன் படுக்கையே கன்சோலின் தலைதான்;
வாலால் காற்றுத்துளைகளை
ஒன்று விடாமல் மூடிக்கொண்டு தூங்கும்.

ஞாயிற்றுக்கிழமை திருகாணிகளைக் கழற்றினேன்.
உள்ளே வெள்ளை ரோமம்,
ஒற்றைக் கையுறை பின்னும் அளவுக்கு.
விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு
பழைய பல் தூரிகையால் தேய்த்தேன்.
சில்லின் மேல் பூசியிருந்த பசை
காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது.
துடைத்துவிட்டு
பட்டாணி அளவு புதிதாக வைத்தேன்.
இரண்டு திருகாணி மிஞ்சியது.
எதற்கானவை என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன்.
என் வேலை கட்டிடங்களுக்கு அடியில்.
இந்த ஊரில் எங்கள் மாடிவீடுகள்
தரையில் உட்காருவதில்லை,
தூண்களின் மேல் நிற்கின்றன.
மேலே நாங்கள் சூப் காய்ச்சலாம், குளிக்கலாம், சண்டை போடலாம்,
அந்தச் சூடு கீழே உறைந்த மண்ணைத் தொடக்கூடாது.
நடுவில் காற்று ஓட வேண்டும்.
மண் இளகினால் ஒரு மூலை அமிழும்,
சுவர் வாய் பிளக்கும்,
கதவுகள் சட்டத்தோடு பிணங்கும்.
நான் குழாய்க்குள் உணரிக் கம்பியை இறக்கி
நோட்டில் எழுதுகிறேன்: மைனஸ் மூன்று புள்ளி இரண்டு.
யாராவது தூணிடுக்கில் பலகை அடித்து
சைக்கிளும் டயரும் அடைத்திருந்தால்
பிடுங்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுகிறேன்.
பதினான்கு வருடமாக.

அன்றும் ஒன்று ஒட்டினேன்.
பசை விறைப்பதற்குள் கையால் அழுத்தும்போதுதான்
என் வீட்டு அலமாரி ஞாபகம் வந்தது:
மூன்று பக்கமும் பலகை,
முதுகு சுவரோடு,
அடியில், தரை கீறக்கூடாதென்று,
நானே விரித்த தடித்த கம்பளி.

யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர்ப் புட்டிகளின் மூடி நான்கு.
திறந்த மேசை,
சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி.
நான்கு மூடிகளின் மேல் கன்சோல்,
நாலு தூண் வீடு.
அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸும் எடுத்து வந்திருந்தேன்:
"இங்கே எப்பொருளும் வைக்கலாகாது."
கேஃபிர் அதன் மேல் உட்கார்ந்து
கால் நக்கிக்கொண்டது.

பதினொன்றே முக்கால்.
படகு கரையிலிருந்து விலகியது.
விசிறி இருக்கிறதா என்று
குனிந்து காது வைத்துப் பார்த்தேன்.
மெல்லிய மூச்சு.
"என்ன, சத்தமே காணோம்," என்றான் எர்ச்சிமென்,
"இருக்கியா?"
"இருக்கேன்."
கயிற்றைப் பிடித்தபடி
தூக்கிய காலை
இறக்கி வைத்தேன்.