பெயருக்கான கட்டம்

மொகொட்லொங் மலையில் ஜூன் மாதம்.
உயரம் அளக்கும் பலகையை
மட்டக்குதிரை சுமந்து வந்தது.
நான் பின்னால், போர்வைக்குள் கைக்கணினியை
வயிற்றோடு அணைத்தபடி.
குளிரில் மின்கலம் சீக்கிரம் செத்துப்போகும்.

பதினேழாம் வீடு.
லெசோத்தோவின் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு
இது ஒன்றே சாட்சி.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
அந்த ஒரு சோறு கதவைத் திறந்து,
"நாயைப் பார்த்துப் பயப்படாதே, பல் கிடையாது" என்றது.

நேற்றிரவு இங்கே உறங்கியவர்கள் யார்?
அவள், மகள், கொழுந்தன் விட்டுப்போன பையன்.
கணவர்?
ரஸ்டன்பர்க்கில், நிலத்துக்கு அடியில்.
அப்படியானால் இல்லை.
"இல்லை என்று போடாதே. தொலைவில் என்று போடு."
தொலைவுக்குக் கட்டம் இல்லை.

உப்பு ஒரு சிட்டிகை கேட்டேன்.
சொட்டு விழுந்ததும் ஊதாவானது.
இன்னொரு தடவை என்று குதித்தாள் மகள்,
விரலில் ஊசி குத்தும்வரை என் தோழி.
ரத்தம் பன்னிரண்டு புள்ளி ஒன்று;
மலை உயரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள்.

இதுவரை எத்தனை பிள்ளை பெற்றீர்கள்?
ஒன்று, என்றாள். இவள்தான். புசெலெட்சோ.

நான் நிமிரவில்லை.
ஈடு என்று பொருள் அந்தப் பெயருக்கு.
முதல் பிள்ளைக்கு யாரும் வைப்பதில்லை.
அவளையும் இங்கே எவரும்
புசெலெட்சோவின் அம்மா என்று அழைப்பதில்லை.
வழிகாட்டிய இடையன் முதல் கடைக்காரர் வரை
மாபபாலோ. பபாலோவின் அம்மா.
கல்யாணத்தன்றே புகுந்த வீட்டார் சூட்டியது,
பிள்ளைக்கு முன்பே வந்து காத்திருந்த பெயர்.

அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும்,
பயிற்சியில் ஒன்பது நாள் சொன்னார்கள்.
வாசித்தேன்:
அழுதோ அசைந்தோ மூச்சு விட்டோ
சில நிமிடமேனும் இருந்த குழந்தை உண்டா?

அவள் அடுப்பில் வரட்டியைத் திருப்பி வைத்தாள்.
"அழுததா என்றா கேட்கிறாய்?
அறையில் ஒரு அழுகை இருந்தது.
என்னுடையதா, அவனுடையதா,
யாரும் வந்து சொல்லவில்லை.
பனி வழியை மூடியிருந்தது.
செவிலி மறுநாள் மதியம் வந்தாள்."

அழுத பிள்ளைக்குத்தான் பால்.
கணக்கிலும் அழுத பிள்ளைக்குத்தான் வரி.
ஆம் என்றால் அவன் சிசு மரணம்,
நானூற்றுப் பன்னிரண்டால் பெருக்கப்படுவான்.
இல்லை என்றால் வேறு பக்கம், வேறு அட்டவணை.
தெரியாது என்ற பொத்தானை
இந்தக் கேள்விக்கு மட்டும் வைக்கவில்லை.

"எதைச் சொன்னால்
இந்த மேட்டுக்கு ஒரு செவிலி வருவாள்?"
எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன்.
நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.
"அழுதான் என்று போடு."

பெயர், என்று கேட்டது கணினி.
"பபாலோ. இரண்டு எல். ஒன்றை விட்டுவிடாதே."
இரண்டு எல் போட்டேன்.

செப்டம்பரில் மசேருவில் கோப்பைத் திறப்பவர்கள்
முதலில் அழிப்பது பெயர்களைத்தான்.
ரகசியம் காக்க; சரியான விதி.
ஒப்புதல் படிவத்தில் அதையும்
அவளுக்கு வாசித்துத்தான் இருந்தேன்.

இறங்கும்போது குதிரை ஒரு கல்லில் தயங்கியது.
மேலே, வேலிக்கு அப்பாலிருந்து
யாரோ தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள்:
மாபபாலோ! ஏய், மாபபாலோ!
உன் ஆடு என் முட்டைக்கோசில்!