நாலங்குலம்

எட்மன்டன். வெளியே மைனஸ் பதினெட்டு.
பேச்சுவார்த்தை இல்லாமல் மூன்றாம் நாள்.

பேஸ்மென்ட் சுவரை நான்தான் துளைத்தேன்.
ஜிப்சம், பஞ்சு, பலகை,
கடைசியாக வினைல் கிழிய
கால்மாட்டில் வட்டமாக விழுந்தது வெயில்.

துளைக்கு அந்தப் பக்கம்
ஞானரூபனின் கோட்டுப் பொத்தான் ஒன்று.
'வருதா?' என்று கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
'இன்னும் கொஞ்சம் தள்ளு.'

தள்ளினேன்.
அலுமினியக் குழாய் உரசிக்கொண்டு போனது.
'ஸ்க்ரூ போடாதே, நூல்தூசி சிக்கும்.'
'தெரியும்.'
வெள்ளி டேப்பைப் பல்லால் கிழித்தேன்.

முதல் சுற்றுக்கு
அவனுடைய வேலைச் சட்டைகளைப் போட்டேன்,
வேறு ஈரத்துணி இல்லை என்பதால்தான்.

ட்ரையர் உறுமி அடங்கிச் சீரானது.
சின்ன ஜன்னலில் எக்கிப் பார்த்தால்
படபடக்கிற மூடிக்கு முன்னால்
கையுறையைக் கழற்றிவிட்டு
குளிர்காய்ந்துகொண்டு நிற்கிறான்,
உள்ளே வராமல்.