பதினொன்றரை மணிப் படம்

கேபிளில் எப்போதும் பாதியிலிருந்துதான் வரும்.
பெயர் போடும் இடத்தை நான் பார்த்ததேயில்லை.
வேலூர், பாபுராவ் தெரு, லாட்ஜில் இரவுப் பணி.
சாவிப் பலகைக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவே உட்கார்ந்து
ஒன்பது தடவை பார்த்துவிட்டேன்
அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை.

பத்தாவது தடவை
முப்பத்திரண்டாம் அறை அம்மா இறங்கி வந்தார்.
சுலேகா மண்டல், மால்டா, என்று பதிவேட்டில்.
கணவருக்கு விடிந்தால் தலையில் ஆபரேஷன்.
தூக்கம் வரவில்லை என்பதற்கு
மொழி வேண்டியதில்லை.
பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

திரையில் பனி.
எங்களுக்குப் பனி என்றால்
மீன்கடை ஐஸ்பெட்டி திறக்கையில் எழும் புகை.
அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி அனலை இறைக்க
ஏரிப் படகில் அவள்
முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த இடத்தில் இசை கிடையாது.
துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தம் மட்டும்.
கரையில் நிற்பவனுக்கு அவள் பெயர் தெரியாது.
'ஏங்க' என்கிறான்.
பெண்டாட்டிகள் புருஷனைக் கூப்பிடும் சொல்லால்
முன்பின் தெரியாத ஒருத்தியை.
அவள் திரும்பவில்லை.
அந்த ஒரு 'ஏங்க'வுக்காகத்தான் ஒன்பது தடவையும்.

அரசனில்லாக் கோட்டை, நீரில்லாப் பாலாறு
என்பார்கள் எங்கள் ஊரை.
பிணமில்லாக் கொலை, இந்தப் படம்.
யார் செத்தது என்றே தெரியாமல் காதலிக்கிறான்.
மாடிப்படியில் நிழல் முதலில் இறங்கும், ஆள் பிறகு.
நனைந்த குடை ஒன்று வெயில் நாளில் சொட்டும்.
நின்றுபோன கடிகாரம்; அதை எவரும் கடைசிவரை விளக்குவதில்லை.
அதற்கு ஒரு கும்பிடு.

குறையும் சொல்லத்தான் வேண்டும்.
நாயகனின் டோப்பா புயலிலும் அசையாது.
நள்ளிரவு என்று சொல்லிப் பட்டப்பகலில் எடுத்திருக்கிறார்கள்;
பங்களா நாயின் நிழல்
உச்சிவெயிலில் சுருண்டு அதன் காலடியில் கிடக்கும்.
சமையல்காரனும் தபால்காரரும் கூத்தடிக்கும் இருபது நிமிடம்
நான் லிஃப்டைத் துடைக்கப் போய்விடுவேன்.
(அன்று போகவில்லை. அந்த அம்மா சிரித்தார்.
மாவில் விழுந்த தபாலுக்கு.
வந்த ஆறு நாளில் முதல் தடவையாக.)

எதை வேண்டுமானாலும் மன்னிப்பேன்,
கொலைகாரனைத் தவிர.
பதின்மூன்றாவது ரீலில்தான் தலைகாட்டுகிறான்,
யாரோ தூரத்து அண்ணனாம்.
இரண்டு மணி நேரம் கால்கடுக்கச் சந்தேகப்பட்ட என்னைத் தாண்டி
வரிசையில் நிற்காதவன் ஓ.பி. டோக்கன் வாங்குவதுபோல்
வாங்கிக்கொண்டு போகிறான்.
பிறகு இன்ஸ்பெக்டர் சோபாவில் சாய்ந்து
எல்லாவற்றையும் விளக்குகிறார். பன்னிரண்டு நிமிடம்.
காதல் சாவது அங்கேதான்.
அதைத் துப்பறிய ஆளில்லை.

அன்று அண்ணன் வருவதற்கு முன்னால்
வார்டிலிருந்து போன் வந்தது.
ஆபரேஷனை முன்னுக்குப் போட்டுவிட்டார்களாம்.
சாவியைக் கொடுக்காமலே ஓடினார்.
நான் டிவியை அணைத்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் பிடிக்க வந்தவர்
கையால் துடுப்புப் போட்டுக் காட்டிக் கேட்டார்:
அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?
அண்ணன், சொத்து, பாலில் விஷம்,
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.
என் அரைகுறை இந்தியில் திருப்பிக் கேட்டேன்:
நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
'யாரும் கொல்லவில்லை.
அந்தக் கரையில் அவளுக்கு வேலை இருந்தது.'

போகிற போக்கில் சொன்னார்,
அவர் கண் விழித்துவிட்டாராம்.
இவர் பெயர்தான் வரவில்லையாம்.
'ஓகோ' என்று மட்டும் கூப்பிட்டாராம்.
அப்படியென்றால்? என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
அணைந்து கிடந்த டிவியைக் காட்டினார்.

அறையை இன்னும் பத்து நாளைக்கு
எழுதச் சொன்னார். எழுதினேன்.