சாட்சிக்கு ஒரு பழம்

பழைய பேப்பரை விரித்து
நான்கு கத்திகளையும் அதன்மேல் வைத்தேன்.
காலை ஆறு மணிக்கு றமீசாவின் வான் வரும்.
சலப்பையாற்றுக் கரையில் இரண்டு இரவு,
ஐந்து பேர், சொந்தமாய் ஒரு கூடாரம், இரவலாய் ஒன்று.

முதலாவது, மருந்துக் களஞ்சியத்தில் அன்றாடம் பிடிப்பது.
மஞ்சள் பிளாஸ்ரிக் உறை,
தள்ளினால் நாக்கு நீட்டும் பிளேட்.
பரசிற்றமோல் பெட்டியின் வயிற்றை
மருந்தில் படாமல் கீறத் தெரிந்தது.
மரக்கொப்பைக் காட்டினால் முறிந்துபோகும்.
திங்கட்கிழமை வரை
கைப்பையிலேயே கிடக்கட்டும்.

பேர்ணிலிருந்து அத்தான் அனுப்பிய சிவப்பு, இரண்டாவது.
கத்தரிக்கோல், அரம், ஆணி திருக ஒரு முனை,
மீன் செதில் உரிக்க ஒன்று,
வைன் போத்தல் தக்கை இழுக்க ஒன்று.
அந்தக் கடைசிக்கு மட்டும்
திருகோணமலையில் இன்னும் வேலை கிடைக்கவில்லை.
எல்லாம் செய்யும்,
எதையும் அரைகுறையாய்.

காட்டுக்கத்தி.
விறகுக்கு இதைவிட வேறில்லை.
சாக்கில் சுற்றினாலும்
சாக்குக்குள் காட்டுக்கத்தி இருக்கிறதென்றே தெரியும்.

பிறகு இந்த வில்லுக்கத்தி.
கொம்புப் பிடி, நாலு விரல் அலகு,
விரிக்கும்போதும் மடிக்கும்போதும் ஒரு 'டிக்'.
கடற்காற்றில் கறள் ஏறும்;
தேங்காயெண்ணெய் பூசினால் பொறுத்துக்கொள்ளும்.

"இரும்பைப் பார், பிடியைப் பார், பாரத்தைப் பார்"
என்று போனில் சொல்கிறாள் நிரஞ்சலா.
அவள் கனடாவில் வளர்ந்தவள்.
நான் பார்ப்பது வேறு:
இந்தக் கத்தியை விளக்க
எனக்கு எத்தனை சிங்களச் சொல் தெரியும்?

நிலாவெளி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலம்,
சாம்பல்தீவுப் பாலத்தடியில்
பஸ்ஸால் இறக்கி, வரிசையில் விட்டு,
பையைக் கவிழ்க்கச் சொல்வார்கள்.
சீப்பு விழும், பேர்ஸ் விழும், சாப்பாட்டுப் பெட்டி விழும்,
எல்லாம் விழுந்து முடிந்த பிறகு
ஆறுதலாய்க் கத்தி விழும்.
"மேக்க மொகட்டத?"
"பலதுரு கபன்ன."
இது எதற்கு? பழம் வெட்ட.
அந்த இரண்டு சொல்லுக்குச் சாட்சியாய்
எப்போதும் ஒரு பழம் கொண்டுபோனேன்.
கொய்யா, வாழை, ஒன்றும் கிடைக்காத நாளில் தேசிக்காய்.
தேசிக்காயை ஒருத்தன் மூக்கில் வைத்து மணந்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தான்.
பையில் சாட்சிகள் அழுகின.
கத்தி தப்பியது.

இப்போது பாலத்தில் யாரும் இறக்குவதில்லை.
வான் நிற்காமலே போகும்.
ஆனாலும் எடுத்தது வில்லுக்கத்தியைத்தான்;
காட்டுக்கத்தியை றமீசா பார்த்துக்கொள்ளட்டும்.
ஒரு பப்பாப்பழத்தைக் கழுவித் துடைத்து,
மறக்காமலிருக்க
பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் இரவு கச்சான் எழும்பி
இரவல் கூடாரத்தைக் கடல்பக்கம் இழுத்தது.
கயிறு வெட்டிக்கொண்டிருந்தேன்.
மணலில் ஒரு வெளிச்சம் நொண்டி நொண்டி வந்தது.
கடற்படைப் பொடியன்,
இருபது வயதுகூட இராது.
சப்பாத்தில் யாரோ எறிந்த வலை.
டோர்ச்சைக் கத்தியில் அடித்தான்.
கையை நீட்டினான்.

கொடுத்தேன்.

குந்தியிருந்து இழையிழையாய் அறுத்தான்,
அலகைக் காற்சட்டையில் துடைத்தான், மடித்தான்.
அந்த 'டிக்' அவனுக்கும் பிடித்துப்போயிற்று;
விரித்தான், திரும்ப மடித்தான், திரும்ப விரித்தான்.
"ஹரி ஹொந்தாய். கொஹெந்த கத்தே?"

நல்ல கத்தி, எங்கே வாங்கினது,
அவ்வளவுதான் கேட்டான்.
எனக்கு விளங்கியது.
என் வாய்க்கு விளங்கவில்லை.
"பலதுரு கபன்ன" என்றது.

அவன் சுற்றிப் பார்த்தான்.
நூர்ந்த அடுப்பு, சோற்றுச் சட்டி,
பாதி தின்ற கிறீம் கிறேக்கர்.

பப்பாப்பழம்
உப்புவெளியில்,
மறக்கவே முடியாத இடத்தில்,
பிரிட்ஜின் மேல் இருந்தது.