கம்பியின் கோடியில்

முதலில் மின்சாரத்தைக் கொன்றேன்.
பிரேக்கரில் பூட்டு, பூட்டில் என் பெயர்ச்சீட்டு: ஸ்டெய்ன்வோர்.
சாவி என் சட்டைப்பையில்.
அப்போதும் நம்பவில்லை, மீட்டரை வைத்தேன்.
சுழியம்.
இன்னொரு முறை. சுழியம்.

ஹ்ராப்ன்விக் மீன் ஆலையில்
பத்தரைக்குத்தான் விடிகிறது.
உறைகிடங்கின் குழாய்களில் அம்மோனியா.
போன மாதம் ஒரு வால்வு லேசாகத் தும்மியதாம்.
அதனால்தான்
இருநூறு கிலோமீட்டர் பனியில் வண்டியோட்டி வந்து
ஏழு சங்குகளை மாட்டிக்கொண்டிருக்கிறேன்,
இங்கே யாருக்கும் சங்கு ஊதிவிடக் கூடாது என்று.

"சத்தமாக இருந்தால் போதும்" என்கிறார் மேலாளர்.
சத்தம் சுலபம், ஐயா.
தலை வெட்டும் இயந்திரமே எண்பத்தெட்டு டெசிபல்.
அதைத் தாண்டிப் பத்து, பதினைந்து ஏற வேண்டும்,
அடியில் நிற்பவரின் செவிப்பறையையும் விட்டுவைக்க வேண்டும்.
போதாததற்கு உங்கள் ரம்பமும் இந்தச் சங்கும்
ஒரே சுருதி.
சேர்ந்து கத்தினால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.
ஏணியில் நின்றபடி சுருதியை இறக்கினேன்,
ஏறி ஏறி விழும் ஒலியாக மாற்றினேன்,
அலை மாதிரி என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

வாய் தரையைப் பார்க்க வேண்டும்:
மாலைதோறும் இங்கே குழாய்நீர் பீய்ச்சிக் கழுவுவார்கள்.
உள்ளே நுழையுமுன் கம்பி ஒரு முறை தொய்ந்து தொங்க வேண்டும்:
நீர் அந்தத் தொய்வில் சொட்டிப் போகட்டும்.

ஏழாம் சங்குக்குள், கம்பியின் கோடியில்,
அரிசியளவு ஒரு ரெசிஸ்டர்.
கட்டுப்பாட்டுப் பலகை அதனிடம் ஓயாமல்
இருக்கிறாயா, இருக்கிறாயா என்கிறது.
இருக்கிறேன்.
பதில் நின்ற நொடியில் மஞ்சள் விளக்கு எரியும்.
ஊமையாகிப் போன சங்கு
தான் ஊமை என்று எப்படிச் சொல்லும்?

இரண்டு மணிக்குச் சோதனை.
தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து
ஓடி வந்துவிடாதீர்கள் என்றேன்.
கதவுகளில் நான்கு மொழிகளில் அறிவிப்பு.
காதில் பஞ்சு, அதன்மேல் கவசம்.
பொத்தான்.

வந்தார்கள். கையுறையோடு, செதில் ஒட்டிய கன்னத்தோடு,
காற்று வரும் பக்கமாக முற்றத்தில் நின்றார்கள்.
ஒருவன் சிகரெட்டை எடுத்துவிட்டு உள்ளே வைத்தான்.
நாற்பத்தொன்று.
பதிவேட்டில் நாற்பத்திரண்டு.

பொஜெனா பனிக்கட்டி இயந்திரத்துக்குப் பின்னால்
காட் மீனின் நாக்கை அறுத்துக்கொண்டிருந்தாள்.
கவசத்துக்குள் வார்சா வானொலி.
தோளைத் தொட்டதும் கத்தி திரும்பியது, நான் பின்வாங்கினேன்.

"எனக்கு எதுவும் கேட்கவில்லை.
கூரையிலிருந்த கடற்காகங்கள் எல்லாம்
ஒரே நேரத்தில் எழுந்தன.
கழுகு வந்திருக்கிறது என்று நினைத்தேன்."

அவள் நிற்கும் இடத்தில் மீட்டரைப் பிடித்தேன்.
இயந்திரம் தொண்ணூற்று நான்கு. என் சங்கு எண்பத்தொன்பது.
வரைபடத்தில் இந்த இடம்
காலிப் பெட்டி அறை.
இயந்திரம் வந்து ஒரு வருடமாம், அவள் வந்து எட்டு மாதம்.
காகிதத்தில் இரண்டு பேரும் இல்லை.

வண்டியில் உபரியாக ஒரு சங்கு இருந்தது.
"நேர் தலைக்கு மேல் வேண்டாம்" என்றாள். சரி,
நான்கு மீட்டர் தள்ளி, எதிர்ச்சுவரில்.
கூடவே வெட்டுப்பலகைக்கு நேரே ஒரு சிவப்பு மின்னல் விளக்கு.
வானொலி?
"ஒரு காதில் மட்டும்" என்று பேரம் பேசினாள்.
அதை மேலாளரிடம் பேசு,
எனக்குப் பூட்டத் தெரிந்தது பிரேக்கரை மட்டும்தான்.

மறுபடி பூட்டு. மறுபடி சுழியம், சுழியம்.
ஏழாம் சங்கைத் திறந்து
அந்த அரிசியைக் கழற்றினேன்.
எட்டாவதில் முடுக்கினேன்.
கம்பியின் கோடி இனி
அவள் நாக்கறுக்கும் மேசைக்கு எதிரே.

இரண்டாம் சோதனையில்
கத்தியை வைக்க மறந்து, கையிலேயே பிடித்தபடி
பொஜெனா முற்றத்துக்கு வந்தாள்.
நாற்பத்திரண்டு.
கடற்காகங்கள் அதற்குள் வளைகுடாவைத் தாண்டியிருந்தன.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.
காய்வதற்குள் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது,
அப்படியே கோப்பில் வைத்துவிட்டேன்.